பழைய டிவி கேம் இன்னைக்கும் தாங்குதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மதுரைக்காரன்:
பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்போ பரண்ல கிடந்த என் டிவி கேமை இறக்கினேன். ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோவோட ஃபாமிகாம்ங்கிற கேம் செட்டைப் பார்த்துச் செஞ்ச நகல், 90கள்ல அப்பா வாங்கிக் கொடுத்தது. ஹால்ல இருந்த எல்இடி டிவியில வயரை மாட்டி, மரியோ கேசட்டைச் சொருகி, 9 வயசு மகள் கையில கொடுத்தேன்.

முதல் பள்ளத்துலயே விழுந்தா. திரும்பத் திரும்ப விழுந்தா. "அப்பா, நான் அமுக்கி முடிச்சப்புறம்தான் குதிக்குது"ன்னா. பழக்கமில்லைன்னு நினைச்சு நானே வாங்கி ஆடினேன். கண்ணை மூடிக்கிட்டே தாண்டின பள்ளத்துல நானும் விழுந்தேன்!

கேம் மேல தப்பில்லை. பழைய டியூப் டிவி, சிக்னல் வர வர வரி வரியா வரைஞ்சுடும். புது டிவி படத்தை வாங்கி, பெருசாக்கி, மெருகேத்தி அப்புறம்தான் காட்டும். சினிமா பார்க்கிறவங்களுக்குத் தெரியாது, மரியோவைக் குதிக்க வைக்கிற விரலுக்குத் தெரியும். செட்டிங்ஸ்ல கேம் மோடு போட்டதும் ஓரளவு சரியாச்சு.

மனசு கேக்கலை. செட்டைத் தூக்கிக்கிட்டுப் பெரியம்மா வீட்டு டியூப் டிவிக்குப் போனோம். அங்கே அப்படியே உசிரோட இருந்துச்சு. பட்டனைத் தட்டினா சின்னத் தாவல், அமுக்கிப் பிடிச்சா உசந்த தாவல், அந்தரத்துல இருக்கும்போதே பின்னால இழுக்கலாம். 1985ல வந்த கேம், மொத்தமே 40 கிலோபைட். இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வச்சு நிறத்தை மட்டும் மாத்தியிருக்காங்க. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே என் மகள்தான். இருட்டுற வரைக்கும் எழுந்திருக்கலை.

வாத்து சுடுற கேமை நினைச்சாத்தான் வருத்தமா இருக்கு. ட்ரிகரை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்துல வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள்ள இருக்கிற சென்சார் அந்த வெளிச்சத்தைத்தான் தேடும். எல்இடியில அது நேரத்துக்கு வராது, எத்தனை தடவை சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது. கேம் நல்லாத்தான் இருக்கு, அதை ஆட வீட்டுல டியூப் டிவிதான் இல்லை.

சேலத்துக்காரி:
என் ஓட்டு பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு, 1989ல வந்த கம்ப்யூட்டர் கேம். அதை உருவாக்கின ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓட விட்டு, குதிக்க விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைஞ்ச அசைவு அது. இன்னைக்குப் பார்த்தாலும் அந்த ஓட்டத்துல ஒரு மனுஷனோட எடை இருக்கு. போன வாரம் என் தம்பி ஆடிப் பார்த்துட்டு, "கண்ட்ரோல் மந்தமா இருக்குக்கா, நிறுத்தினா நிக்க மாட்டேங்குது"ன்னான். ஓடுற ஆள் எப்படிடா சட்டுனு நிப்பான்? ஷிஃப்டை அமுக்கி ஓரடி ஓரடியா விளிம்புக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். இளவரசியைக் காப்பாத்த 60 நிமிஷம்தான்னு வேற கடிகாரம் ஓடுது. மூணாம் நாள் ராத்திரி 11 மணிக்கு அவனே கூப்பிட்டு, கண்ணாடியிலிருந்து நிழல் ஆள் வெளியே குதிச்ச கதையை மூச்சு வாங்கச் சொன்னான்.

மதுரைக்காரன்:
அந்த நிழலை முதல்ல பார்த்தப்போ நானும் கத்தியிருக்கேன், அக்கா. ஒரு உதவி: மதுரைப் பக்கம் யாராவது டியூப் டிவியைப் பழைய இரும்புக்குப் போட இருந்தா முன்னாடியே சொல்லுங்க. நானே வண்டி வச்சு வந்து எடுத்துக்கிறேன்.