கலைச்சொல் விவாதம்: டெலோபிளாஸ்ட் – ‘ஈற்றணு’ பொருந்துமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அட்டையின் கருவளர்ச்சி பற்றி எழுதிவரும் கட்டுரைக்காக, கருவின் பின்முனையில் நின்று சிறு செல்களை வரிசையாக ஈனும் பெரிய செல்லைக் குறிக்கும் டெலோபிளாஸ்ட் என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். ‘கடைமுளைச் செல்’, ‘இறுதிக் கருக்கோளம்’, ‘குருத்தணு’ என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் கட்டுரையில் இட்டுப் படித்துப் பார்த்த பிறகு, நான்காவதாக ‘ஈற்றணு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படுவது ஹெலோப்டெல்லா என்னும் சிறிய நன்னீர் அட்டை. இது நம்மைக் கடிக்கும் அட்டை அன்று. நத்தை போன்ற சிற்றுயிர்களை உண்பது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைகளைத் தன் வயிற்றடியில் சுமந்து காக்கிறது. முட்டை பலமுறை பிளவுபட்ட பின், கருவின் பின்புறத்தில் ஐந்து இணைப் பெரிய செல்கள் தோன்றுகின்றன. இவையே டெலோபிளாஸ்டுகள். எம், என், ஓ, பி, கியூ என்ற எழுத்துகளால் இவற்றைக் குறிக்கிறார்கள். எம் இணையிலிருந்து இடைப்படையும் (தசை முதலியவை தோன்றும் நடு அடுக்கு) மற்ற நான்கு இணைகளிலிருந்து புறப்படையும் (தோலும் நரம்பும் தோன்றும் வெளி அடுக்கு) உருவாகின்றன.

இவை பிரியும் விதத்தைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பெரிய செல் இரு சமபாதியாகப் பிரிவதில்லை. அது தான் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, ஏறத்தாழ மணிக்கு ஒன்றாகச் சிறு செல்களை ஈன்று முன்னே தள்ளுகிறது. பிறந்தவை ஒன்றன்பின் ஒன்றாக நூலில் கோத்ததுபோல் வரிசையாகின்றன. முதலில் பிறந்தது தலைப்பக்கம் சென்று சேர, கடைசியாகப் பிறந்தது தாய்ச் செல்லை ஒட்டி வாலருகே நிற்கிறது. அட்டையின் உடல் 32 கண்டங்களால், அதாவது அடுத்தடுத்து அமைந்த உடற்கூறுகளால், ஆனது. எந்த அட்டையை எடுத்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. எம், ஓ, பி வரிசைகளில் கண்டத்துக்கு ஒரு சிறு செல்லும், என், கியூ வரிசைகளில் கண்டத்துக்கு இரண்டும் செலவாகின்றன.

இதைக் கண்ணால் காணச் செய்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் வைஸ்பிளாட், ராய் சாயர், குந்தர் ஸ்டெண்ட் ஆகியோர், குதிரை முள்ளங்கியிலிருந்து பெறப்படும் பெராக்சிடேஸ் நொதியை மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் செல்லுக்குள் செலுத்திப் பின்னர் நிறமேற்றிப் பார்த்தார்கள். ஒரு டெலோபிளாஸ்டுக்குள் அந்த நொதியைச் செலுத்தினால், அதற்கு முன்பே பிறந்துவிட்ட செல்களின் வழிவந்தவை நிறமின்றி இருக்கும். அதற்குப் பின் பிறந்தவற்றின் வழிவந்தவை மட்டுமே நிறம் பெறும். ஆகவே வளர்ந்த கருவில் ஏதோ ஒரு கண்டத்திலிருந்து வால்வரை, ஊசி பட்ட பக்கத்தில் மட்டும், ஒரு நிறக்கோடு ஓடுகிறது. ஊசி எந்த வேளையில் இறங்கியது என்பதை அந்தக் கோடு தொடங்கும் கண்டமே சொல்லிவிடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன், 1878இல் சார்லஸ் ஓட்டிஸ் விட்மன் கிளெப்சைன் என்ற அட்டையின் முட்டைகளை உயிருடன் வைத்து, எந்தச் செல் எதுவாகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து பார்த்துத் தொடங்கிவைத்த பணியின் தொடர்ச்சி இது.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘இறுதிக் கருக்கோளம்’ எனக்கு உடன்பாடில்லை. கருக்கோளம் என்பது பல செல்களால் ஆன ஒரு வளர்ச்சிப் பருவத்தின் பெயர். ஒற்றைச் செல்லுக்கு அதை இட்டால் மாணவர் குழம்புவர். ‘கடைமுளைச் செல்’ கிரேக்க மூலத்துக்கு நேரானது. டெலோஸ் என்றால் கடை, பிளாஸ்டோஸ் என்றால் முளை. ஆனால் தமிழில் ‘கடைமுளை’ என்றதும் கடைசியாக முளைத்தது என்ற பொருளே முதலில் தோன்றுகிறது. இங்கே உண்மை அதற்கு நேர்மாறானது; இந்தச் செல் முளைத்தது அன்று, முளைக்க வைப்பது.

‘குருத்தணு’ அழகிய சொல் என்பதில் ஐயமில்லை. வளர்முனை உச்சியிலேயே நிற்க, ஓலைகளை ஒவ்வொன்றாக விட்டுச்செல்லும் தென்னங்குருத்தை இதைவிட நன்றாக நினைவூட்ட முடியாது. ஆயினும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே வேறு செல்களையும் ஈனும் ஸ்டெம் செல் அனைத்துக்கும் அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. டெலோபிளாஸ்ட் அவற்றுள் ஒரு வகை மட்டுமே என்பதால், பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராக்க மனம் ஒப்பவில்லை.

‘ஈற்றணு’ எப்படித் தோன்றியது என்றால், என் சிறுவயதில் மாட்டுச் சந்தையில் கேட்ட பேச்சிலிருந்துதான். “இது தலையீத்து, அது ரெண்டாம் ஈத்து” என்று தரகர் சொல்வார். ஈனுதலிலிருந்து பிறந்த அந்த ஈற்றுதான் ‘ஈற்றா’ (கன்று ஈன்ற பசு) என்று பழைய இலக்கியத்திலும் நிற்கிறது. மறுபுறம், ஈறு என்ற சொல் ‘ஈற்றெழுத்து’, ‘ஈற்றடி’ என்று வேற்றுமையில் வரும்போது கடையைக் குறிக்கிறது. உடலின் கடைப்பகுதியில் நின்று மீண்டும் மீண்டும் ஈனும் செல்லுக்கு இரு பொருளும் ஒருசேர அமைந்த சொல் தமிழில் தானாகவே கிடைக்கும்போது, அதை விட்டுவிட்டு மொழிபெயர்ப்புச் சொல்லைத் தேட வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

சொல்லின் ஆட்சியையும் பார்த்துவிட்டேன். இடைப்படை ஈற்றணு, புறப்படை ஈற்றணு என்று இடர்ப்பாடின்றி வருகிறது. ஓ, பி இரண்டும் தோன்றுவதற்கு முந்திய தாய்ச் செல்லை முன்னீற்றணு எனலாம். ஓ, பி என்ற இவ்விரண்டும் தொடக்கத்தில் ஒரே திறன் கொண்டவை. பி-யை அழித்துவிட்டால் ஓ-வின் வழித்தோன்றல்கள் பி-யின் பணியை ஏற்கின்றன. வமிசம் மட்டுமன்றி அண்டையிலிருப்பதும் செல்லின் வாழ்வை முடிவுசெய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

ஈன்றுவரும் சிறு செல்லுக்கு ‘அரும்பணு’ என்றும், அவற்றின் வரிசைக்குச் ‘சரம்’ என்றும் வைக்கலாம். பூத்தொடுப்பவர் கையில் நீளும் சரத்தைப் பார்த்தவர்க்கு விளக்கமே தேவைப்படாது.

படிமலர்ச்சி (பரிணாம) நோக்கிலும் ஒன்று சொல்ல வேண்டும். மண்புழுவிலும் இதே ஐந்து இணைகள் உள்ளன; அது அட்டைக்கு உறவு. ஆனால் நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்த ஓட்டுடலிகள் பலவற்றின் கருவிலும் டெலோபிளாஸ்ட் என்றே அழைக்கப்படும் செல்கள் உண்டு. விலங்குலகின் வேறொரு பெருங்கிளையில் அவை தனியாகத் தோன்றியவை எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே நாம் ஆக்கும் சொல் பொது மூதாதையைக் குறிப்பாக உணர்த்தாமல், இடத்தையும் செயலையும் மட்டுமே சொல்ல வேண்டும். ஈற்றணு அதைத்தான் செய்கிறது.

கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

அன்புடன்.

*

அன்புள்ள ஐயா, வணக்கம்.

மாட்டின் ஈற்றையும் எழுத்தின் ஈற்றையும் ஒன்றாகக் கண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இரண்டு தடைகளைச் சொல்ல அனுமதியுங்கள். முதலாவது, ஒரு செல்வழியின் முடிவில் நின்று மேற்கொண்டு பிரியாத நரம்புச் செல்லையும் ‘ஈற்றணு’ என்று ஒருவர் விளங்கிக்கொள்ளக்கூடும். இரண்டாவது, யாழ்ப்பாணத்தில் நாங்கள் உயிரியலைக் கலம் (செல்), முளையம் (கரு) என்ற சொற்களால் படித்தவர்கள். எங்கள் மாணவருக்கு அணு என்றால் வேதியியல் அணுதான். ‘ஈற்றுக்கலம்’ என்று வைத்தால் என்ன?

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் தடை வலுவானது. ஆனாலும் ‘ஈற்றெழுத்து’ என்பதில் ஈறு இடத்தைத்தான் குறிக்கிறதே தவிர, முற்றுப்பெற்ற நிலையைக் குறிப்பதில்லை. மேற்கொண்டு பிரியாத செல்லுக்கு ‘முற்றிய செல்’ என்று தனியே வைத்துவிட்டால் மயக்கம் நீங்கும். கட்டுரையில் இரண்டையும் முதல் பத்தியிலேயே வரையறுத்துவிடுகிறேன்.

இரண்டாவதில் தங்கள் சொல்லே சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அணு என்பதை உயிரணுவின் சுருக்கமாக நான் எழுதிப் பழகிவிட்டதால் அந்த இடர் எனக்குத் தோன்றவில்லை. ‘ஈற்றுக்கலம்’ என்றே மாற்றிவிட்டு, ‘ஈற்றுச்செல்’ என்பதைத் தமிழகப் பாடநூல் வழக்குக்கு இணைச்சொல்லாகத் தருகிறேன். அதற்கேற்ப மற்றவை முன்னீற்றுக்கலம், அரும்புக்கலம் என்றாகும். சரம் அப்படியே நிற்கட்டும். ஐந்து சரங்களும் ஒரு பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்து உண்டாகும் பட்டைக்கு ‘முளைப்பட்டை’ என்று எழுதியிருக்கிறேன். கருப்பட்டி என்று படித்துவிடுவார்கள் என அஞ்சியே ‘கருப்பட்டை’யைத் தவிர்த்தேன். தங்கள் வழக்கில் இதற்கு வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். கட்டுரையை அன்று மாலை அனுப்ப வேண்டும்.