முதன்முதலில் இதை வாயில் வைத்தவன் எவன்? டுரியான் அனுபவங்கள்

லயத்துப்பையன்:
மலேசியாவில் பகாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். டுரியான் என்பது முள்தோலும் மூக்கைத் துளைக்கும் வாடையும் உள்ள பழம். மண்டையைக் குடைவது தாத்தா கதை. ஊரிலிருந்து கப்பலேறி வந்த முதல் வருடம், லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஏதோ செத்துக் கிடக்கிறது, புதைக்கலாம் என்று மண்வெட்டியோடு போனாராம். பார்த்தால் வெடித்த முள்காய் ஒன்று, பக்கத்தில் காட்டுப்பன்றித் தடம். பன்றி தின்பதை மனுஷன் தின்பானா என்று திரும்பிவிட்டார். மறுநாள் விடியலில் கூடையோடு வந்த ஓராங் அஸ்லிக்காரர் (அந்த மண்ணின் பழங்குடி) ஒருவர், பாராங் என்னும் வெட்டுக்கத்தியால் பிளந்து ஒரு சுளையை நீட்டியிருக்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிய தாத்தா, பொத்திய கையையே இரண்டாவது சுளைக்கு நீட்டினாராம். சரி, தாத்தாவுக்கு அவர் காட்டினார். அவருடைய முப்பாட்டனுக்கு யார் காட்டியது? பன்றிதான் என்பது என் கட்சி.

புதுக்கோட்டையான்:
சிங்கப்பூர் வந்த முதல் ஜூன் மாதம். ஒரே அறையில் ஆறு பேர். இரவு வேலை முடிந்து கதவைத் திறந்தால் குப்பென்று கேஸ் வாடை. லைட்டைப் போடாமல் இருட்டில் தடவிப்போய் அடுப்பு வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, தூங்கியவர்களை உதைத்து எழுப்பினேன். வாங்கிய திட்டுக்கு அளவில்லை. மூலையில் ஈரத்துண்டு போட்டு மூடி வைத்திருந்த டுரியான்! "எம்ஆர்டி ரயில்ல ஏத்த விடமாட்டான், நடந்தே தூக்கியாந்தேன். தின்னுட்டு அப்புறம் பேசு" என்றார் வாங்கிய அண்ணன். அந்த இருட்டிலேயே தின்றேன், நிறம்கூடத் தெரியாது. வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கிச் சீனி போட்டதுபோல இருந்தது. பிடித்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை, ஆனால் கொட்டையைச் சப்பினேன். 2018இல் மெல்பர்னில் அழுகிய டுரியான் வாடையைக் கேஸ் கசிவு என்று நினைத்துப் பல்கலைக்கழக நூலகத்தையே காலி செய்தார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது.

குன்னூர்க்காரி:
பன்றிக் கட்சியில் நான் இல்லை. டுரியான் வகைகள் அதிகம் இருப்பது போர்னியோத் தீவில். அங்கே ஓராங் உத்தான் குரங்கு மரத்திலேயே பிய்த்துத் தின்கிறது. மனிதன் அண்ணாந்து பார்த்துத்தான் கற்றிருப்பான். புதுக்கோட்டையாருக்கு ஒன்று: இயற்கை ஆய்வாளர் வாலஸ் துரை மலாக்காவில் வீட்டுக்குள் வந்த பழத்தின் வாடை தாங்காமல் விட்டவர். போர்னியோவில் தரையில் கிடந்ததை வெட்டவெளியில் தின்றதும் அதற்கு அடிமையாகிவிட்டதாக 1869இல் அவரே எழுதினார். நீங்கள் தின்றது அறைக்குள், உங்கள் மேல் தப்பில்லை.

என் கதை குன்னூர் பக்கத்துப் பர்லியார் பழப்பண்ணையின் டுரியான். அதைத் தின்றால் குழந்தை பிறக்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. சீசனில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. எட்டு வருடம் குழந்தையில்லாத சித்திக்கு, சித்தப்பா எப்படியோ ஒன்று வாங்கி வந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. "மருந்து, தொடாதே" என்றார்கள். சித்தி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுளையைக் குமட்டக் குமட்ட விழுங்கினாள், கண்ணெல்லாம் தண்ணீர். பிறகு கதவை லேசாகத் திறந்து, "நீ தின்னுடி, யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். அதுவரை அது பழம் என்றே எனக்குத் தெரியாது. தேன்! மிச்சம் முழுக்க நானே தின்றேன். சித்திக்குக் கடைசிவரை குழந்தை இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது என்று இப்போது தெரியும். தெரிந்து என்ன, தின்றவள் நான்தானே.

ஈப்போ அண்ணாச்சி:
எனக்கு அப்பா ஊட்டியது, கதை கிடையாது. ஆனால் நீங்கள் யாரும் வாங்கத் தெரிந்து வாங்கவில்லை. எங்கள் பக்கம் பழம் தானாக விழவேண்டும், பறிக்கக்கூடாது. தாய்லாந்துக்காரர்கள் மரத்திலேயே வெட்டிவிடுவார்கள், அதனால்தான் அதில் வாடையும் குறைவு, சாரமும் குறைவு. காம்பு பச்சையாக ஈரமாக இருக்கிறதா பாருங்கள். காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே சுளை லேசாக அசையவேண்டும். புழு ஓட்டை இருந்தால் வைத்துவிடுங்கள். இனிப்பு வகையை முதலில் தின்று, கசப்பு ஓடும் முசாங் கிங் வகையைக் கடைசியில் வையுங்கள், மாற்றித் தின்றால் இனிப்பு எடுபடாது. தின்று முடித்துத் தோலின் குழியில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பது எங்கள் வழக்கம். கொட்டையை அவித்துத் தின்னலாம், பச்சையாக வேண்டாம். இதோடு மது மட்டும் கூடவே கூடாது.

லயத்துப்பையன்:
அண்ணாச்சி, வாங்குவது எப்படி என்று யார் கேட்டது? குன்னூர் அக்கா, காட்டு ஓராங் உத்தான் போர்னியோவிலும் சுமத்ராவிலும்தான். பகாங்கில் எங்களுக்குப் பன்றிதான். அது கிடக்கட்டும், சித்தி எப்படி இருக்கிறார்?

குன்னூர்க்காரி:
எழுபது தாண்டிவிட்டாள். போன ஆடியில் பார்க்கப் போனபோது, "பர்லியார் பழம் வந்துருச்சா" என்று கேட்டாள். வாங்கி வரவா என்றேன். "எனக்கெதுக்கு? நீதானே திம்பே."