பழைய கட்டடங்களுக்கு நினைவுத் தகடு வைக்கலாமா?

கல்லடியில் இருந்து:
இங்கிலாந்தில் சின்ன ஊர்களில்கூட சுவரில் வட்டமாக நீலத் தகடு, இன்னார் இந்த வீட்டில் வாழ்ந்தார் என்று. நம் மட்டக்களப்பில் கோட்டை வாசலில் நிற்கும் பிள்ளையிடம், 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்று நாமே வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு யாரைப் பிடிப்பது?

லண்டனில் இருந்து:
தம்பி, இங்கே இது 1866இல் தொடங்கியது. லண்டனில் ஒருவர் இறந்து 20 வருடம் கழிந்தால்தான் தகடு. வெளியூர்களில் பெரும்பாலும் ஊர்ச் சங்கங்களும் நகரசபையும்தான் வைக்கின்றன, அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. நீங்களும் பழைய மாணவர் சங்கங்களைப் பிடியுங்கள், கட்டடச் சொந்தக்காரரின் சம்மதத்தை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

காரைதீவில் இருந்து:
அண்ணன் சொல்வது சரி. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்தது எங்கள் ஊரில், சமாதி கல்லடி சிவானந்தா பள்ளியில். இரண்டு இடத்தையும் இணைத்து ஒரே மாதிரித் தகடு வைத்தால் எவ்வளவு நல்லது! அப்புறம் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கி, ஒரு வருடம்கூட ஆகாமல் அங்கேயே இறந்துபோன மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டையும் விட்டுவிடாதீர்கள்.

கல்லடியில் இருந்து:
அப்படியானால் சிவானந்தாவில் இருந்தே தொடங்குவோம். தமிழ் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.