ஸ்லைடரை இழுத்தபோது நீங்கள் கண்டது என்ன?

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். அதனால் எங்கள் வகுப்பில் வரைபடம் என்றால் அட்டவணை போடு, புள்ளி குறி, வளைகோட்டைச் சேர், அளவுத்திட்டம் எழுத மறக்காதே. அதோடு சரி.

போன மாதம் ஸ்மார்ட் போர்டில், சமன்பாட்டை அடித்தால் வரைபடம் போட்டுத் தரும் டெஸ்மோஸ் திறந்து ‘ஒய் = ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி’ என்று அடித்தேன். ஏ, பி, சி மூன்று எழுத்துக்கும் ஸ்லைடர், அதாவது இழுத்தால் மதிப்பு மாறும் பொத்தான், வேண்டுமா என்று அதுவே கேட்டது. ஏ-யை இழுத்தால் பரவளையம் ஒடுங்கும், விரியும், குறை எண்ணானதும் கவிழும். சி-யை இழுத்தால் லிஃப்ட் மாதிரி மேலே கீழே. பி-யைத் தொடும் முன், “இப்போ பக்கவாட்டில் நகரும் பாருங்க” என்று வேறு சொல்லிவிட்டேன். இழுத்தால் அது கீழிருந்து ஏறி, நடுவில் உச்சி தொட்டு, மறுபக்கம் இறங்கியது! கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, “டீச்சர், அந்த முனை பந்து எறிஞ்ச மாதிரி போகுது. அது போற வழியும் பரவளையம்தானே?” என்றாள்.

இத்தனை வருஷம் இந்தப் பாடம் நடத்தியும் எனக்கு அது தோன்றியதில்லை. அவள் சொன்னது சரியா என்று பார்க்க, கவிழ்ந்த பரவளையமாக ‘ஒய் = −ஏஎக்ஸ்² + சி’ என்று இன்னொரு கோடு போட்டேன். பி-யை எங்கே நகர்த்தினாலும் முனை அந்தக் கோட்டை விட்டு விலகவே இல்லை. ஏன் என்று கேட்டார்கள். மணி அடித்துவிட்டது, நல்லவேளை.

•

நான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவன். இரண்டின் எக்ஸ் அடுக்கு = எக்ஸின் வர்க்கம், தீர்வு என்ன என்று நண்பன் கேட்டான். 2, 4 என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிட்டு டீக்கு அவனையே காசு கொடுக்க வைத்தேன். ராத்திரி சும்மா வரைந்து பார்த்தால் இடதுபக்கம் மூன்றாவதாக ஒரு வெட்டுப்புள்ளி, சுமார் −0.767. மறுநாள் டீ என் செலவு.

•

என் கதை அசடு வழிந்தது. வயலின் கற்றுக்கொள்கிறேன். சுருதி சேரும் நேரத்தில் இரண்டு தந்தியும் சேர்ந்து ‘வ்வோ… வ்வோ’ என்று ஏறி இறங்குமே, இயற்பியலில் விம்மல் என்பார்கள், அதைக் கண்ணால் பார்க்க ஆசை. சைன் 20 எக்ஸ், சைன் 22 எக்ஸ் இரண்டையும் கூட்டி வரைந்தேன். சோம்பேறித்தனமாக ஒரே ஒரு அலை வந்தது. அரைமணி நேரம் சமன்பாட்டைத் திட்டினேன். முதல் நாள் மகனின் முக்கோணவியல் வீட்டுப்பாடத்துக்காகக் கோணத்தைப் பாகைக்கு மாற்றியவன் நானேதான். பாகை சின்ன அலகு, அதனால்தான் அலை அவ்வளவு மெதுவாக ஓடியது. பெரிய அலகான ரேடியனுக்குத் திருப்பினேன். அலைகள் கொத்துக் கொத்தாகப் பெருத்தும் சிறுத்தும் திரையை நிறைத்தன. தந்தியை முறுக்குகிற மாதிரி 22-ஐ மெல்ல 20-க்குக் கொண்டு போனால் கொத்துகள் நீண்டுகொண்டே போய்க் கடைசியில் ஒரே சீராகிவிடுகின்றன. காதுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ரொம்ப நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

•

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் நான். நம் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று, இதே மாதிரி இழுத்துப் பார்க்கும் கணக்கு மென்பொருளான ஜியோஜீப்ராவின் பக்கங்கள் வந்தபோது பயிற்சிக்குப் போனேன். பிள்ளைகள் இழுப்பார்கள், “சூப்பர் சார்” என்பார்கள், அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் வேறு ரகம்.

டீச்சரம்மா, மணி அடித்ததால் தப்பித்தீர்கள். விடை இரண்டே வரிதான். முனையில் எக்ஸ் = −பி/2ஏ. அப்படியானால் பி = −2ஏஎக்ஸ். இதை மூலச் சமன்பாட்டில் பி இருக்கும் இடத்தில் போடுங்கள்: ஏஎக்ஸ்² − 2ஏஎக்ஸ்² + சி. மிஞ்சுவது −ஏஎக்ஸ்² + சி. பி காணாமல் போய்விட்டது பாருங்கள்.

•

நன்றி சார். நாளை முதல் பீரியட் அந்த வகுப்புதான். முதல் வரியை மட்டும் போர்டில் எழுதிவிட்டுச் சாக்பீஸை அவளிடமே கொடுக்கப் போகிறேன்.