7ஆம் வகுப்பு இமேர்ஷன்: பிரெஞ்சு தெரியாத வீட்டில் நடந்த கதைகளைச் சொல்லுங்கள்

ஸ்காபரோ அப்பா:

மகள் இப்ப 8ஆம் வகுப்பு. சீனியர் கிண்டர்காடினிலேயே பிரெஞ்சு இமேர்ஷனில், அதாவது ஆங்கிலப் பள்ளியிலேயே பாடங்களைப் பிரெஞ்சில் படிப்பிக்கும் வகுப்பில், சேர்த்துவிட்டோம். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, தெரிந்த நாலு பேர் சேர்த்தார்கள், நாங்களும் சேர்த்தோம். ஒருவர் ஒட்டாவாவில் அரசாங்க வேலை நிச்சயம் என்றார், இன்னொருவர் வகுப்பில் குழப்படிப் பிள்ளைகள் குறைவு என்றார். எனக்கும் மனைவிக்கும் பொன்ஜூர், மெர்சி தவிர ஒரு சொல்லும் தெரியாது. 6ஆம் வகுப்பு வரைக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பாட்டு, படம், சின்னச் சின்ன வசனம், அவ்வளவுதான்.

7ஆம் வகுப்பில்தான் கஷ்டம் பிடித்தது. வரலாறு, புவியியல் எல்லாம் பிரெஞ்சில், அதுவும் கட்டுரை கட்டுரையாக எழுத வேண்டும். அதுவரை ரிப்போர்ட் காட்டில் ஏ, பி என்று வந்தது, ஒன்ராறியோவில் 7இல் இருந்து சதவீதத்தில் வரும். வரலாற்றுக்கு 63. மனைவி அன்றைக்கே ஆங்கில வகுப்புக்கு மாற்றிவிடுவோம் என்றார். பள்ளியில் கேட்டால், மாற்றலாம், ஆனால் திரும்ப வர முடியாது என்றார்கள். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு கிழமை சண்டை பிடித்தோம்.

பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், புத்தகத்தைப் போனில் படம் எடுத்து ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தில் வாசித்து, ஆங்கிலத்தில் பதில் எழுதி, அதைத் திரும்பப் பிரெஞ்சாக்கி ஒப்படைத்திருக்கிறாள். ரீச்சர் ஓரத்தில் சிவப்புப் பேனையால் 'தே மோ?' என்று எழுதியிருந்தார். உன்னுடைய சொற்களா என்று அர்த்தமாம். அதையும் நான் போனில் போட்டுத்தான் கண்டுபிடித்தேன், அப்ப யாரைக் குறை சொல்வது?

சனிக்கிழமை காலையில் அவளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவது நான்தான். ஒருநாள் காருக்குள், இந்தக் கிழமை வரலாற்றில் என்ன படித்தாய், எனக்குத் தமிழில் சொல்லு என்றேன். முகத்தைச் சுளித்தாள், பிறகு சொன்னாள். அக்காடியர் என்று நோவா ஸ்கோஷியாப் பக்கம் பிரெஞ்சு பேசும் சனம் இருந்ததாம், பிரிட்டிஷ்காரர் விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்களாம், மாட்டோம் என்றதும் 1755இல் கப்பல்களில் ஏற்றி அனுப்பத் தொடங்கினார்களாம். அவங்களை, அவங்களை என்று இழுத்தாள், தமிழ்ச்சொல் வரவில்லை. பிரெஞ்சில் 'தெப்போர்த்தே' என்றாள். டிப்போர்ட்தானே என்றேன். என்னுடைய அகதி வழக்கு முடியும் வரை நான் படுக்கும்போதும் எழும்பும்போதும் நினைத்த சொல் அது, அதற்குப் போன் தேவைப்படவில்லை. தமிழில் நாடு கடத்துவது என்று சொல்லிக்கொடுத்தேன். பிறகு 95 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்ட கதையைச் சொன்னேன். ஷிப்பிலயா என்று கேட்டாள். இல்லை, நடந்து.

அதில் இருந்து ஒவ்வொரு சனியும் இதே வேலைதான். அவள் எங்கே தடுமாறுகிறாளோ அங்கே பாடம் விளங்கவில்லை என்று எனக்குப் பிரெஞ்சு தெரியாமலே தெரிந்துவிடும். அடுத்த ரிப்போர்ட்டில் 71 வந்தது. பெரிய புள்ளி இல்லைதான், ஆனால் மாற்றும் கதை நின்றுவிட்டது. மற்ற வீடுகளில் எப்படி என்று தெரிய ஆசை, எழுதுங்கள்.

மொன்றியல் அக்கா:

தம்பி, உங்களுக்கு அங்கே சேர்ப்பதா விடுவதா என்று சண்டை பிடிக்கவாவது வழி இருக்கிறது. இங்கே கியூபெக் மாகாணத்தில் 1977இல் வந்த 101ஆம் சட்டப்படி, வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான். அப்பா அம்மாவில் ஒருவராவது கனடாவில் ஆரம்பக் கல்வியைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்திருந்தால்தான் அரசாங்க ஆங்கிலப் பள்ளியில் இடம். நான் படித்தது சாவகச்சேரியில்.

அதனால் எங்கள் வீட்டுக் கவலை தலைகீழ். மகனுக்குப் பிரெஞ்சு தண்ணீர் மாதிரி, ஆங்கிலம்தான் பிந்திவிடுமோ என்று பயம். 6ஆம் வகுப்பில் அவனுடைய பள்ளியில் தீவிர ஆங்கிலம் என்று ஒன்று வைத்திருந்தார்கள், ஐந்து மாதம் முழுக்க ஆங்கிலம், மிச்ச ஐந்து மாதத்தில் கணக்கு, விஞ்ஞானம் எல்லாவற்றையும் அடித்துப் பிடித்து முடிக்க வேண்டும். அந்த இரண்டாவது ஐந்து மாதம் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் வந்தது, அதை மறுக்க முடியாது. இப்ப செகோந்தேர் 1, உங்கள் கணக்கில் 7ஆம் வகுப்பு, ரொறன்ரோ மச்சான்மாரோடு போனில் ஆங்கிலத்தில்தான் கதை.

இன்னொன்று. போன கோடையில் ரொறன்ரோவில் இருந்து தங்கச்சியின் மகள் வந்தாள், அவளும் இமேர்ஷன், 12 வயது. எங்கள் மாடியில் இருக்கும் 80 வயது மனுசியைப் பார்த்து 'து' போட்டுக் கதைத்துவிட்டாள். மனுசி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள், அம்மம்மாவை நீ என்பாயா என்று கேட்டேன். ஓ, அதுவா என்றாள். அத்தனை வருசம் படித்ததில் அது அவளுக்கு ஏறவே இல்லை, ஏனென்றால் ஆங்கிலத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரே யூதான். தமிழை வைத்துச் சொன்னால் ஒரு நிமிச வேலை.

பழைய இமேர்ஷன் பெடியன்:

நான் 8ஆம் வகுப்பு முடியும் மட்டும் இமேர்ஷனில் இருந்து பிறகு விட்டவன், இப்ப 26 வயது. பெற்றோர் எல்லோரும் புள்ளியைப் பற்றியே கதைக்கிறீர்கள், வகுப்புக்குள் நடப்பதை நான் சொல்கிறேன். ஒரு மேசையில் நாலு பேர் இருப்போம். மிஸ் கிட்ட வந்தால் பிரெஞ்சு, அங்கால போனால் ஆங்கிலம். 12, 13 வயதில் கூட்டாளிமாரோடு பிரெஞ்சில் கதைத்தால் நக்கலடிப்பார்கள், ஆறு வயதில் அது இல்லை. அதனால் எனக்கு இன்றைக்கும் ரேடியோ விளங்கும், பேப்பர் வாசிப்பேன், வாய்தான் திறக்காது. இது என்னுடைய சோம்பல் மட்டும் இல்லை. 1965இல் மொன்றியலுக்குப் பக்கத்தில் சென்-லம்பேரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சேர்ந்து கேட்டுத் தொடங்க வைத்ததுதான் இந்த இமேர்ஷன், அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப இதையே சொல்லியிருக்கிறார்கள். கேட்பதும் வாசிப்பதும் கிட்டத்தட்டத் தாய்மொழிக்காரர் மாதிரி, பேச்சும் எழுத்தும் பின்னுக்கு. அந்தக் கிழவியிடம் 'து' போட்ட விசயமும் அந்த ஆய்வுகளில் இருக்கிறது அக்கா, உங்கள் பெறாமகள் தனி ஆள் இல்லை.

நான் 13 வயதில் கியூபெக் சிற்றிக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது கடையில் ஒரு அன்ரி வயது கேட்டார். 'ஜ சுவி திரேஸ் ஆன்' என்றேன். ஆங்கிலத்தில் 'நான் 13 வயதாக இருக்கிறேன்' என்பதுபோல வரும் வசனத்தை அப்படியே மாற்றிப் போட்டது. பிரெஞ்சில் வயதை 'வைத்திருக்க' வேண்டும், 'ஜே திரேஸ் ஆன்' என்று. அன்ரி சிரித்துவிட்டு அதற்குப் பிறகு முழுக்க ஆங்கிலத்தில் கதைத்தார். எட்டு வருசம் படித்தவனுக்கு அது செருப்படி. ஆங்கில எழுத்தும் சும்மா விடவில்லை, அட்ரஸ் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு டி, பிரெஞ்சில் ஒன்று. இன்றைக்கும் ஃபோம் நிரப்பும்போது ஒரு நொடி நிற்பேன்.

விட்டதற்குக் கவலையா என்றால், கொஞ்சம்.

லாச்சப்பல் சித்தப்பா:

பாரிசில் இருந்து. அண்ணாவின் மகள் ரொறன்ரோவில் 7ஆம் வகுப்பு, இமேர்ஷன் பிள்ளை, கோயில் தேர் பார்க்க வந்து நின்றாள். என் மகனும் அவளும் ஒரே வயது. நீ எத்தனையாம் வகுப்பு என்று அவள் கேட்டாள், இவன் ஐந்து என்றான். பிள்ளை இரண்டு வருசம் பெயில் விட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இங்கே கொலேஜ் என்றால் ஆரம்பப் பள்ளிக்குப் பிறகு வரும் நாலு வருசப் பள்ளி, அதில் வகுப்பு இறங்கு வரிசை, 6இல் தொடங்கி 5, 4, கடைசியில் 3, அதில்தான் பிரெவே சோதனை. அதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு 'தெஜேனே' வேண்டும் என்றாள். என் மனைவி, பிள்ளைக்கு விடியவே சோறு வேண்டுமாக்கும் என்று அரிசியைக் கழுவப் போய்விட்டார். கியூபெக்கில் தெஜேனே என்றால் காலைச் சாப்பாடு, பிரான்சில் மத்தியானச் சாப்பாடு. அவளுக்குப் படிப்பித்த ரீச்சர் கியூபெக்காக இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று, என் மகனுக்கு கொலேஜ் முதல் வருசம் கிழமைக்கு நாலு மணித்தியாலம் ஆங்கிலம், இந்த வருசம் ஸ்பானிஷும் சேர்ந்துவிட்டது, இருந்தும் அவனுடைய ஆங்கிலத்தைவிட அவளுடைய பிரெஞ்சு நல்லது. முதல் இரண்டு நாளும் இரண்டு பேரும் வெட்கத்தில் தமிழில் கதைத்தார்கள். மூன்றாம் நாள் ஃபோர்ட்நைட் விளையாடத் தொடங்கினார்கள், அதில் இருந்து அவள் பிரெஞ்சில் கத்த இவன் ஆங்கிலத்தில் கத்த, கீழ் வீட்டுக்காரன் வந்து கதவில் தட்டினான்.

மார்க்கம் அம்மா:

எல்லாம் வாசித்தேன். என் மகன் 6 முடிக்கப் போகிறான், இவ்வளவு நாளும் சாதாரண கோர் பிரெஞ்சுதான், பிரெஞ்சு ஒரு பாடம் மட்டும். இப்பதான் ஆசை வந்திருக்கிறது. இனி ஏலாதா?

ஸ்காபரோ அப்பா:

ஏலும் தங்கச்சி, ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் போர்ட்டைக் கேட்க வேண்டும், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு மாதிரி. சில இடங்களில் 7ஆம் வகுப்பிலும் எக்ஸ்டெண்டட் பிரெஞ்சுக்கு எடுப்பார்கள், அது கோருக்கும் இமேர்ஷனுக்கும் நடுவில். கோருக்கும் இமேர்ஷனுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்றால், ஒன்ராறியோ கணக்குப்படி 8ஆம் வகுப்பு முடியும்போது இமேர்ஷன் பிள்ளை பிரெஞ்சில் குறைந்தது 3,800 மணித்தியாலம் படித்திருக்கும், கோர் பிள்ளை 600. அந்த இடைவெளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் முதல் வருசம் புள்ளி விழும் என்று பொடியனிடம் முதலே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பெடியன் சொன்ன அந்த மேசைக் கதையை மகளிடம் வாசித்துக் காட்டினேன். யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

இப்ப வகுப்பில் லூயி ரியேல் என்ற மெத்தி (பழங்குடியும் பிரெஞ்சும் கலந்த சனம்) தலைவரின் பாடம் நடக்கிறதாம். 1885இல் தூக்கில் போட்டது வரைக்கும் எனக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. சனிக்கிழமை காருக்குள் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.