கீறிய இடைவெளி மூடும்போது பின்வரிசைச் செல்களை நகர்த்துவது எது?

கேள்வி (முதுநிலை உயிரியல் மாணவி):
நாய்ச் சிறுநீரகத்திலிருந்து வந்த எம்.டி.சி.கே. செல்களைத் தட்டு முழுக்க நெருங்கும்வரை வளர்த்து, நடுவில் பிப்பெட் நுனியால் ஒரு கோடு கிழித்தேன். எட்டு மணி நேரத்தில் விளிம்பு நெளிந்து, விரல்கள்போல இடைவெளிக்குள் நீண்டுவிட்டது. ஒவ்வொரு விரலின் நுனியிலும் விசிறியாக விரிந்த ஒரு பெரிய செல். செல்கள் பெருகிப் பின்னாலிருந்து தள்ளுகின்றன என்கிறார் வகுப்பில் ஒருவர். நுனிச் செல்தான் அத்தனையையும் இழுக்கிறது என்கிறார் இன்னொருவர். இரண்டு இரவாக இதே யோசனை. எது சரி?

பதில் 1:
பெருக்கம் இதற்கு விடையாகாது. இந்தச் செல் ஒருமுறை பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மைட்டோமைசின் கொடுத்துப் பிரிவை நிறுத்தினாலும் விளிம்பு முன்னேறும், செய்து பாருங்கள்.

நுனிச் செல் இழுப்பது உண்மை. ஆனால் அது மட்டும் இழுப்பதில்லை. 2009-இல் ஸேவியர் ட்ரெபாட் குழுவினர் இதே செல்களை மென்மையான ஜெல்மீது பரவவிட்டு, ஜெல் எங்கே எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்தார்கள். விளிம்பிலிருந்து பல வரிசை உள்ளே இருந்த செல்களும் தரையைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தன. ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான். வடத்தின் முன்நுனியைப் பிடித்தவர் கண்ணில் படுகிறார், அவ்வளவே. பின்வரிசைச் செல்கள் முன்னாலுள்ள செல்லின் அடியில் மெல்லிய தகடுபோல நீட்டி ஊர்கின்றன. மேலிருந்து பார்த்தால் தெரியாது. சில செல்களை மட்டும் ஒளிரச் செய்து, குவியத்தை அடித்தளத்துக்கு இறக்கினால் தெரியும்.

கீறிய காயமே தூண்டுகிறது என்றும் நினைக்க வேண்டாம். 2007-இல் பாரிஸின் கியூரி நிறுவனத்தில் அச்சுக்குள் செல்களை வளர்த்து, பிறகு அச்சை மட்டும் எடுத்தார்கள். கீறல் இல்லை, காயம் இல்லை. இடம் கிடைத்ததுமே விரல்கள் கிளம்பின.

பதில் 2:
ஒட்டுதலையும் விட்டுவிடாதீர்கள். செல்லும் செல்லும் கைகோத்திருப்பது ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தால். கால்சியம் இல்லாவிட்டால் அந்தப் பிடி விட்டுவிடும். வளர்ப்புத் திரவத்தில் கால்சியத்தை நீக்கிய அன்று, என் தட்டில் படலமே கலைந்து செல்கள் உருண்டு தனித்தனியாக விலகின. கால்சியத்தைத் திரும்பச் சேர்த்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்த பிறகு, "செல் நகர்கிறது" என்று ஒருமையில் எழுத எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பதிவுசெய்த காட்சிகளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் நுனிச் செல் பிரிவதற்காகச் சுருங்கி உருண்டையாகி நிற்கிறது. அந்த நேரத்திலும் அதன் பின்னால் நான்கைந்து வரிசை நிற்காமல் நகர்கிறது! முன்பு பத்து முறை பார்த்தும் இது கண்ணில் படவில்லை. நாளைக் காலை மைட்டோமைசின் தட்டைத் தயார்செய்கிறேன்.