சியாங் மாயில் ராத்திரி: போனவர்கள் சொல்லுங்கள்

தாய்லாந்தின் வடக்கே இருக்கிற சியாங் மாயில் ராத்திரி பொழுதே போகாது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல் குளித்து, சென்ட் அடித்துக்கொண்டு கிளம்பியவர்களாகத்தான் இருப்பார்கள். பாங்காக், பட்டாயா கணக்கு இங்கே ஒத்துவராது. இந்த ஊர் சாயங்காலம் ஆறு மணிக்கே களைகட்டத் தொடங்கிவிடும், அகழிக்குள் இருக்கிற பழைய நகரத்தில் பன்னிரண்டு மணிக்கெல்லாம் விளக்கை அணைத்தும்விடுவார்கள். 2023 டிசம்பரில் பாங்காக், புக்கெட், பட்டாயா இருக்கிற சோன்புரி, சாமுய் தீவு இவற்றோடு சியாங் மாயிலும் உரிமம் உள்ள இடங்கள் விடிகாலை நான்கு மணி வரை திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்தது உண்மைதான். அதை நம்பி ஒரு சின்ன பாரில் போய் சாவகாசமாக உட்கார்ந்தால் பன்னிரண்டு அடித்ததும் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அனுமதி வாங்கிய இடங்கள் வேறு, நமக்குப் பிடித்துப்போகிற இடங்கள் வேறு.

எனக்குப் பிடித்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நகரத்தின் வடக்குப் பக்கம் சாங் புவாக் கோட்டை வாசலுக்கு நேர் எதிரே, அகழியை ஒட்டின சாலையில், நார்த் கேட் ஜாஸ் கோ-ஆப் என்று ஒரு சின்ன இடம். முன்பக்கம் சுவரே கிடையாது, முழுக்கத் திறந்து கிடக்கும். உள்ளே கொஞ்சம் பேர் உட்காரலாம், மாடியிலும் இடம் உண்டு, மிச்சம் பேர் எல்லாரும் பிளாட்பாரத்தில் பியரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி கேட்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, ஒரு பானம் வாங்கினால் போதும், வாசிப்பவர்களுக்கு நீங்களாகப் பார்த்து ஏதாவது போட்டால் நல்லது. செவ்வாய்க்கிழமை என்றால் ஜாம் இரவு. ஊரில் இருக்கிற வாத்தியக்காரர்கள், அந்த வாரம் வந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் மாறி மாறி மேடை ஏறுவார்கள். ஒரு தாய் பையன் சாக்ஸபோன் வாசிக்க, அவனுடைய தாத்தா வயதில் ஒரு வெள்ளைக்காரர் டிரம்ஸில் உட்கார்ந்து அவனை விரட்டு விரட்டென்று விரட்ட, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஒரே இடத்தில் வந்து நிறுத்தினார்கள் பாருங்கள், எனக்கு ஜாஸில் அரிச்சுவடி கூடத் தெரியாது, ஆனாலும் கை தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. ஒன்பது மணிக்கு முன்னால் போனால்தான் உட்கார இடம்.

அதற்கு முன்னால் சாப்பாட்டை அகழிக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சாங் புவாக் இரவுக் கடைகள் வரிசையாக இருக்கும், அதில் கௌபாய் தொப்பி போட்ட அம்மா ஒருவர் கத்தியைப் பிடித்துக்கொண்டு பன்றிக்கால் வெட்டிக்கொண்டிருப்பார், வரிசையைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். காவ் கா மூ என்று கேளுங்கள். வெந்த கால்கறி, சோறு, பாதி வெந்த முட்டை, பக்கத்தில் ஊறுகாய் போட்ட கீரை. நூறு பாட் (தாய்லாந்துப் பணம்) கூட ஆகாது. பன்றி சாப்பிடாதவர்களுக்கும் பக்கத்துக் கடைகளில் ஏதாவது கிடைக்கும்.

பிங் ஆற்றங்கரையும் உண்டு. சாரோன்ராட் சாலையில் தி ரிவர்சைட் 1984இலிருந்து நடக்கிறது, ஆற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம், பேண்டும் இருக்கும், ராத்திரி படகிலும் சாப்பாடு போடுகிறார்கள். குடும்பத்தோடு போக நல்ல இடம். பாட்டு மட்டும் உலகத்தில் எல்லா ஆற்றங்கரை ஓட்டலிலும் கேட்கிற அதே பாட்டுகள்தான், அதனால் எனக்கு ஒரு தடவையே போதும்.

மற்றவர்கள் எங்கே போனீர்கள்? பார் பட்டியல் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

* * *

நாங்கள் மூன்று தோழிகள் போனோம், அதனால் என் கோணம் கொஞ்சம் வேறு. பழைய நகரத்துக்குள் ராட்விதி சாலைப் பக்கம் சோயி இன் யெல்லோ என்று ஒரு முற்றம், சுற்றிலும் பார்கள், எல்லாம் முதுகுப்பை வெள்ளைக்காரப் பிள்ளைகள். பிளாஸ்டிக் வாளியில் ரம், சோடா, ரெட் புல் எல்லாவற்றையும் ஊற்றி நாலைந்து ஸ்ட்ரா போட்டுத் தருவார்கள். இருபது வயதில் போயிருந்தால் பிடித்திருக்குமோ என்னவோ. அரை மணி நேரத்தில் காது வலித்தது, கிளம்பிவிட்டோம்.

எங்களுக்குச் செட்டானது நிம்மன்தான். நிம்மன்ஹேமின் சாலை சியாங் மாய் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம் என்பதால் கூட்டமே மாணவர்களும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும்தான். அங்கே வார்ம் அப் கஃபே என்று பெயரில் மட்டும் கஃபே இருக்கிற கிளப் ஒன்று உண்டு. உள்ளே தனியாக ஆடும் தளத்தைத் தேடாதீர்கள். சின்னச் சின்ன உயர மேஜைகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கூட்டம், நடுவில் ஒரு விஸ்கியோ ரம்மோ முழு பாட்டில், ஒரு வாளி ஐஸ், சோடா. எல்லாரும் அவரவர் மேஜையைச் சுற்றி நின்ற இடத்திலேயே ஆடுகிறார்கள். கிளாஸ் காலியானால் யாராவது ஐஸ் போட்டு நிரப்பிவிடுவார்கள், பியரிலும் ஐஸ்தான். முதலில் எனக்கு அது அநியாயமாகத் தெரிந்தது, அப்புறம் அந்தப் புழுக்கத்தில் அதுதான் சரி என்று பட்டது.

மேடையில் தாய் பேண்டு. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒரு பாட்டு தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் பாடகரை விடச் சத்தமாகப் பாட ஆரம்பித்தது, பக்கத்து மேஜைப் பெண் அழுதுகொண்டே பாடினாள், அவளுடைய சிநேகிதி அவள் கண்ணையும் துடைத்துக்கொண்டு தானும் பாடினாள். காதல் தோல்வி என்று புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் மேஜையும் எங்கள் மேஜையும் ஒன்றாகிவிட்டன. "சோன் கேவ்" என்று சொல்லி கிளாஸை இடிப்பார்கள், நிமிஷத்துக்கு ஒரு தடவை இடிப்பார்கள், முழுசாகக் குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, உதட்டில் வைத்தால் போதும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே யாரும் வந்து இடிக்கவில்லை, உற்றுப் பார்க்கவில்லை. நம் ஊரில் இந்த மாதிரி இடத்துக்குப் போனால் பாதிப் புத்தி சுற்றுமுற்றும் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே போய்விடும். அதற்காக கிளாஸைப் போட்டுவிட்டு மூன்று பேருமாகக் கழிப்பறைக்குப் போகாதீர்கள், ஒருத்தி மேஜையிலேயே இருக்கட்டும், எந்த ஊரிலும் இதுதான். பாஸ்போர்ட்டோ அதன் நகலோ கையில் இருக்கட்டும். அங்கே குடிக்கும் வயது இருபது, வாசலில் கேட்பார்கள், முப்பதைத் தாண்டிய என்னிடமும் கேட்டார்கள், அன்றைக்குப் பூராவும் நான்தான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

இன்னொன்று, பழைய நகரத்தில் ஒரு பாரில் (பெயர் வேண்டாம்) நாங்கள் வாங்காத இரண்டு பானம் பில்லில் ஏறியிருந்தது. சிரித்துக்கொண்டே காட்டினோம், சிரித்துக்கொண்டே பில்லிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே குரலை உயர்த்தினால் காரியம் கெட்டுப்போகும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

* * *

நானும் என் மனைவியும் குடிப்பதில்லை, வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. "ராத்திரி வாழ்க்கை" என்றதும் இந்தத் திரியைத் தாண்டிப் போகப் பார்த்தேன், ஆனால் முதலில் எழுதிய தம்பி ஆறு மணிக்கே தொடங்கிவிடும் என்று எழுதியிருக்கிறாரே, அது ரொம்பச் சரி, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சியாங் மாயில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். தா பே வாசலில் தொடங்கி வாட் ப்ரா சிங் கோயில் வரைக்கும் ராட்சடம்னோன் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு முழுசாகச் சந்தை போட்டுவிடுவார்கள். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம். விலை பேசிக்கொண்டிருந்த கடைக்காரரும், வாயில் இறால் வைத்திருந்தவரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். முடிந்த அடுத்த நொடி பழையபடி இரைச்சல். நாங்களும் நின்றோம், நிற்பதுதான் மரியாதை.

தெரு நடுவிலேயே பார்வையற்ற வாத்தியக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள், கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. வழியில் இருக்கிற கோயில் வளாகங்களுக்குள் சாப்பாட்டுக் கடைகள். இதை என் மனைவி முதலில் ஏற்கவே இல்லை, கோயிலுக்குள் பொரித்த கோழியா என்று. அப்புறம் ஒரு மூலையில் சைவக் கடை கண்டுபிடித்ததும் சமாதானம் ஆகிவிட்டார். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அது "ஜே" கடை, கறி மீன் மட்டுமில்லை, வெங்காயம் பூண்டு கூட இருக்காது. நடந்து கால் வலித்தால் தெருவோரத்திலேயே சாய்வு நாற்காலி போட்டுக் கால் பிடித்துவிடுகிறார்கள், அதில் சாய்ந்துகொண்டு கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்கு அந்த ஊரின் பெரிய சுகம். ஞாயிறு கிடைக்காதவர்களுக்குச் சனிக்கிழமை வுவா லாய் சாலையில் ஒன்று இருக்கிறது, வெள்ளி வேலை செய்கிறவர்களின் தெரு அது, கூட்டமும் சற்றுக் குறைவு. தினமும் நடக்கிற நைட் பஜார் சாங் க்ளான் சாலையில். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை, எல்லாக் கடையிலும் ஒரே யானைப் படம் போட்ட கால்சட்டை.

காந்தோக் சாப்பாடும் பார்த்தோம். வட்டமான, கால் வைத்த தட்டில் லன்னா, அதாவது வடதாய்லாந்துச் சமையல் வகைகளைச் சின்னச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, தரையில் உட்காரவைத்துப் பரிமாறுவார்கள், எதிரே மேடையில் நடனம். பெண்கள் விரல் நுனியில் நீளமான பித்தளை நகங்கள் மாட்டிக்கொண்டு ஆடுகிற ஃபோன் லெப் மெதுவாகத்தான் போகும், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்துவதுதான், அது தெரிந்தே போனோம், தெரிந்தே ரசித்தோம். முன்கூட்டியே சொன்னால் சைவமும் செய்து தருகிறார்கள்.

குடிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். மாக பூஜை, விசாக பூஜை மாதிரியான பௌத்த விசேஷ நாட்களில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு, அண்மையில் கொஞ்சம் தளர்த்தினாலும் பல பார்கள் அன்றைக்குத் திறப்பதே இல்லை. பௌர்ணமியை ஒட்டி வருகிற நாட்கள், நம் காலண்டரைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். விசாகத்தன்று கையில் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கோயிலை மூன்று சுற்று சுற்றுவார்கள். பார் மூடியிருக்கிறது என்று அறையில் உட்கார்ந்து புலம்புவதை விட அங்கே போகலாம்.

* * *

யாரும் லோய் க்ரோ பற்றி எழுதவில்லை, எல்லாரும் நல்ல பிள்ளைகளாக இருக்கிறீர்கள். சரி, நான் சொல்கிறேன்.

நைட் பஜாரிலிருந்து அகழிப் பக்கம் போகிற அந்தத் தெருவில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து கூப்பிடும் பார்கள் இருக்கின்றன. பட்டாயாவோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது, பாதி நாற்காலி காலி. உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு பெண் வந்து பேசுவார், அவருக்கு ஒரு பானம் வாங்கித் தரச் சொல்வார், அதன் விலை உங்களுடையதை விட அதிகம், அதில் ஒரு பங்கு அவருக்கு. இதுதான் கணக்கு, ஏமாற்றெல்லாம் இல்லை, விருப்பம் இல்லையென்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லலாம். மேலே தொங்குகிற மணியை மட்டும் விளையாட்டுக்குக் கூட அடித்துவிடாதீர்கள், அடித்தால் பாரில் இருக்கிற அத்தனை பேருக்கும் உங்கள் செலவில் ஒரு சுற்று. நான் அங்கே ஒரு அக்காவோடு பூல் விளையாடித் தோற்றுக்கொண்டே இருந்தேன். கிராமத்தில் இருக்கிற அவருடைய பையனின் பள்ளிக்கூடப் படங்களைப் போனில் காட்டினார். அதற்கப்புறம் என் கூட வந்த நண்பனின் அசட்டு ஜோக்குகள் எனக்கே எரிச்சலாக இருந்தன. "தாய்லாந்தா, ம்ம்ம்" என்று இழுக்கிற நம் ஆட்களுக்கு அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே அந்த இழுவை அடங்கிவிடும்.

குத்துச்சண்டை பார்க்கணும் என்றால் தா பே வாசலுக்குப் பக்கத்து அரங்குக்குப் போங்கள். டிக்கெட் சில நூறு பாட், கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம். சண்டைக்கு முன்னால் வீரர்கள் குருவுக்கு வணக்கம் செலுத்தி ஆடுகிற வாய் க்ரூவைத் தவறவிடாதீர்கள், நம்மவர்கள் அதற்குள் செல்ஃபி எடுக்கத் திரும்பிவிடுகிறார்கள்.

* * *

எல்லாரும் போகிற கதை சொன்னீர்கள், திரும்புகிற கதையை நான் சொல்கிறேன். சிவப்பு சோங்தேவ் (பின்னால் இரண்டு வரிசை இருக்கை போட்ட ஷேர் வண்டி) பகலில் முப்பது பாட் என்றால் ராத்திரியில் ஓட்டுநர் வைத்ததுதான் விலை, ஏறும் முன் பேசிவிடுங்கள். க்ராப், போல்ட் என்கிற டாக்ஸி ஆப்கள் இரண்டும் ஓடுகின்றன, நான் பெரும்பாலும் அதில்தான் வந்தேன். வாடகை ஸ்கூட்டரில் பாருக்குப் போகாதீர்கள். அகழிச் சாலை ஒருவழி, ராத்திரியில் போலீஸ் நின்று ஊதச் சொல்வார்கள், இருசக்கர வண்டிக்கான சர்வதேச உரிமம் இல்லையென்றால் அதற்கும் தனியாக அபராதம்.

பன்னிரண்டு மணிக்குப் பசித்தால் அகழியோரம் சோம்பெத் சந்தைப் பக்கம் "ஜோக்" கேளுங்கள். குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, அதில் இஞ்சி, வெங்காயத்தாள், கறி உருண்டை, மேலே ஒரு முட்டை. காய்ச்சல் வந்த அன்றைக்கு அம்மா வைத்துக் கொடுக்கிற கஞ்சிக்குக் கறி சேர்த்த மாதிரி இருக்கும், குடித்த வயிற்றுக்கு அதைவிட நல்லது இல்லை.

மார்ச் மாதம் போவதாக இருந்தால் யோசியுங்கள். சுற்றுவட்டாரத்தில் காடும் வயலும் எரிகிற காலம், புகை பள்ளத்தாக்கிலேயே நிற்கும், பிளாட்பாரத்தில் நின்று ஜாஸ் கேட்கிற சுகமெல்லாம் தொண்டை எரிச்சலில் போய்விடும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை போங்கள், ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.